நெஞ்சு துடிக்கும்போது ஒருவர் இறந்தவர் ஆவது எப்படி? மூளைச்சாவும் உறுப்பு தானமும்

உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் இந்தச் செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. விபத்தில் தலையில் அடி, மருத்துவமனை, மூளைச்சாவு, குடும்பத்தார் சம்மதம், அதிகாரிகள் மலர்வளையம் வைக்கும் படம். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று எந்த ஊரில் கேட்டாலும் இதைப் படித்தவர்களுக்கு எழும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான். நெஞ்சு துடித்துக்கொண்டிருந்ததாமே, அப்புறம் எப்படிச் செத்தவர்? உறுப்புக்காக அவசரப்பட்டு முடித்துவிட்டார்களா? இதில் காசு பார்த்தது யார்?

இவற்றை ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று ஒதுக்கிவிடுவது மருத்துவத் துறைக்கு வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. முதல் கேள்விக்கு மருத்துவத்திடம் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நம் சட்டம் பாதிப் பதில்தான் வைத்திருக்கிறது. மக்களின் சந்தேகம் முளைப்பது மீதிப் பாதியில்தான்.

மூச்சு வேறு, துடிப்பு வேறு

மூளையின் அடியில், அது தண்டுவடத்தோடு சேரும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்கு இருப்பது மூளைத்தண்டு. மூச்சு விடு என்ற ஆணை இங்கிருந்துதான் போகிறது. விழித்திருப்பது, விழுங்குவது, இருமுவது, வெளிச்சம் பட்டால் கண்பாவை சுருங்குவது எல்லாம் இதன் பொறுப்பு. இது போனால் மூச்சு நிற்கும்.

இதயத்தின் கதை வேறு. துடிப்பதற்கான மின்தூண்டலை அது தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. மூளையின் கட்டளை வராவிட்டாலும், பிராணவாயு கலந்த ரத்தம் கிடைக்கும்வரை துடிக்கும். வென்டிலேட்டர் என்ற செயற்கைச் சுவாசக் கருவி காற்றைத் தள்ளிக் கொடுத்தால் ரத்தத்தில் பிராணவாயு இருக்கும், ஆகவே நெஞ்சு துடிக்கும், உடம்பு சூடாக இருக்கும், சிறுநீரும் போகும். ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நிற்கும் குடும்பம் பார்ப்பது இதைத்தான்.

வென்டிலேட்டர் வருவதற்கு முன் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. மூளை போனால் மூச்சு நிற்கும், மூச்சு நின்ற சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். மூன்றும் ஒன்றாகவே போயின. 1950களில் செயற்கைச் சுவாசம் பரவிய பிறகுதான், மூளை முழுக்கச் செத்தும் மற்ற உறுப்புகள் இயங்கும் புதிய நிலை ஒன்று மருத்துவமனைகளில் தென்படத் தொடங்கியது. 1959இல் மொல்லாரே, குலோன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை ‘கோமாவையும் கடந்த நிலை’ என்று பதிவு செய்தார்கள். அப்போது உறுப்பு மாற்றுச் சிகிச்சை தவழும் பருவத்தில்தான் இருந்தது. முதல் இதய மாற்று அறுவை தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்தது 1967 டிசம்பரில். ஆகவே உறுப்பு எடுப்பதற்காகவே மூளைச்சாவு என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்ற பேச்சுக்கு வரலாறு முழுத் துணை நிற்காது. ஓரளவு துணை நிற்கும், அது ஏன் என்று பிறகு பார்க்கலாம்.

செய்திகளில் கலந்துகட்டி வரும் மூன்று நிலைகளைப் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

1. கோமா: நினைவில்லை. ஆனால் மூளைத்தண்டு முழுக்கவோ ஓரளவுக்கோ வேலை செய்கிறது. பிழைத்து எழுபவர்கள் உண்டு.

2. உணர்வற்ற விழிப்பு நிலை: கண் திறந்து மூடும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், தானாக மூச்சு விடுவார். சுற்றி நடப்பதை உணர்கிறார் என்பதற்கு அடையாளம் இருக்காது. மும்பையில் 42 ஆண்டுகள் படுக்கையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் இருந்தது ஏறத்தாழ இந்த நிலையில். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கை விசாரித்தபோது, அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல என்று தெளிவாகச் சொன்னது.

3. மூளைச்சாவு: மூளைத்தண்டு முற்றிலும், திரும்ப முடியாதபடி நின்றுவிட்டது. தானாக மூச்சு கிடையாது.

பல வருடம் கழித்து எழுந்து உட்கார்ந்தார் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதைகள் உண்மையாக இருந்தால், அவை முதல் இரண்டு வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகையில், சோதனைகள் முறைப்படி நடந்து உறுதியான பெரியவர் யாரும் நினைவு திரும்பி எழுந்ததாக ஏற்கத்தக்க மருத்துவப் பதிவு இல்லை. ‘முறைப்படி’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

படுக்கையருகே என்ன நடக்கிறது

சோதனைக்கு முன்பே ஒரு கட்டம் உண்டு. மூளைச்சாவைப் போலவே தோற்றம் காட்டும் மற்ற காரணங்களை விலக்க வேண்டும். நம் பக்கத்துக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. கட்டுவிரியன் கடித்தவர் அசைவற்றுக் கிடப்பார், மூச்சு நின்றிருக்கும், கண்பாவைகூட அசையாமல் போகலாம். பார்த்தால் மூளை செத்ததுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் கொடுத்துக் காத்திருந்தால் எழுந்துவிடுவார். பூச்சிமருந்து குடித்தவர், தூக்க மருந்து அதிகம் ஏறியவர், உடம்பு மிகவும் குளிர்ந்துபோனவர், சர்க்கரையோ உப்புச் சத்தோ தாறுமாறாகிக் கிடப்பவர் விஷயத்திலும் அவசரப்படக் கூடாது. மூளைக்கு என்ன சேதம், எதனால் வந்தது என்பது ஸ்கேன் போன்றவற்றால் தெரிந்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் மூளைச்சாவு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கடலில் மூழ்கித் தூக்கி வரப்பட்டவர் விஷயம் இன்னும் நுட்பமானது. தலையில் அடிபட்டால் சேதம் ஸ்கேனில் தெரியும். நீரில் மூழ்கியவருக்கு மூளை சிதைவது பிராணவாயு இல்லாமல். அந்தச் சேதத்தின் முழு அளவு முதல் நாளிலேயே தெரிந்துவிடாது. நின்ற இதயத்தை மீட்டெடுத்த நோயாளிகளுக்குக் குறைந்தது 24 மணி நேரம் பொறுத்துத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும் என்று வெளிநாட்டு வழிகாட்டுதல்கள் சொல்வது இதனால்தான்.

விலக்க வேண்டியதை விலக்கிய பிறகு சோதனை:

1. கண்ணில் டார்ச் அடித்தால் பாவை சுருங்குகிறதா?

2. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் இமை மூட முயல்கிறதா?

3. தலையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் விழி நகர்கிறதா? காதுக்குள் பனிக்கட்டி நீரைச் செலுத்தினால்?

4. நெற்றி எலும்பை அழுத்தி வலி கொடுத்தால் முகத்தில் ஏதாவது அசைவு?

5. தொண்டையில் குழாயை அசைத்தால் குமட்டலோ இருமலோ?

6. வென்டிலேட்டரை விலக்கினால் ஒரு மூச்சாவது தானாக வருகிறதா?

ஆறாவதுதான் முடிவைச் சொல்வது. நோயாளிக்கு முதலில் சில நிமிடம் முழுப் பிராணவாயு கொடுத்து, பிறகு வென்டிலேட்டர் இணைப்பைக் கழற்றுகிறார்கள். மெல்லிய குழாய் வழியாகப் பிராணவாயு மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கும் துணியை விலக்கிவிட்டு, மருத்துவர் அந்த இரண்டு இடத்தையும் பார்த்தபடி நிற்பார். எட்டு, பத்து நிமிடம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டில் ஒரு துளி உயிர் இருந்தாலும் அந்த ஏற்றத்தைத் தாங்காது, மூச்சை இழுத்தே தீரும். சாதாரணமாக 40 அளவில் (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்) இருப்பது 60ஐத் தாண்டியும் நெஞ்சு எழவில்லை என்றால், மூச்சு மையம் இல்லை என்று பொருள். ரத்தம் எடுத்துச் சோதித்து அந்த எண்ணை எழுத்தில் பதிய வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் இந்தச் சோதனையை அருகில் நின்று பார்க்கச் செய்யும் மருத்துவமனைகள் உலகில் உண்டு. நம் ஊரிலும் அதைப் பழக்கமாக்கினால், நூறு பிரசுரங்கள் செய்ய முடியாததை அந்தப் பத்து நிமிடம் செய்யும்.

குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். கையெழுத்திட நான்கு மருத்துவர்கள் தேவை: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர், அரசு ஏற்ற பட்டியலிலிருந்து ஒரு நிபுணர், அதே பட்டியலிலிருந்து நரம்பியல் மருத்துவரோ நரம்பு அறுவை நிபுணரோ ஒருவர், சிகிச்சை அளித்துவரும் மருத்துவர். நரம்பியல் நிபுணர் கிடைக்காத இடங்களில் மயக்கவியல் நிபுணர், தீவிர சிகிச்சை நிபுணர், பொது மருத்துவர் அல்லது அறுவை மருத்துவர் அந்த இடத்தில் இருக்கலாம் என்று உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம் இடம் கொடுத்தது. உறுப்பை எடுக்கப்போகும், பொருத்தப்போகும் குழுவைச் சேர்ந்த யாரும் இந்த நால்வரில் இருக்கக் கூடாது. சான்றுக்குப் பெயர் படிவம் 10.

சோதனை முடிந்த பிறகும் சில உடல்களில் கை லேசாக உயரும், கால் விரல் மடங்கும். இது தண்டுவடத்தின் தன்னிச்சை அசைவு, மூளைக்கு அதில் பங்கில்லை. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், பார்த்த அம்மாவோ மனைவியோ பிறகு யார் என்ன சொன்னாலும் நம்பப்போவதில்லை. அவர்கள்மேல் தப்பும் இல்லை.

சட்டம் பாதியில் நிற்கும் இடம்

இந்தியாவில் மூளைத்தண்டுச் சாவை இறப்பு என்று ஏற்றது 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம். பெயரே சொல்வதுபோல அது உறுப்பு மாற்றுக்கான சட்டம். பிறப்பு, இறப்பைப் பதிவு செய்வதற்கு நாம் பயன்படுத்தும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் இறப்பு என்பது ‘உயிரின் எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைவது’ என்றுதான் இருக்கிறது. அங்கே மூளைச்சாவு பற்றிப் பேச்சே இல்லை.

இதன் விளைவை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்த இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை சோதனை நடந்துவிட்டது, நான்கு கையெழுத்தும் ஆயிற்று. குடும்பம் தானத்துக்குச் சம்மதித்தால் அவர் இறந்தவர். உறுப்புகளை எடுக்கலாம், வென்டிலேட்டரை நிறுத்தலாம், உடலை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குடும்பம் மறுத்தால்? அதே உடல், அதே சோதனை முடிவு, ஆனால் இப்போது பெரும்பாலான மருத்துவமனைகள் வென்டிலேட்டரைக் கழற்றத் தயங்கும். ‘உயிரோடிருந்தவரைக் கொன்றுவிட்டீர்கள்’ என்று வழக்கு வருமோ என்ற பயம். அவர் மறுபடி நோயாளி ஆகிவிடுகிறார். இதயம் தானாக நிற்கும்வரை சிகிச்சை தொடரும். தனியார் மருத்துவமனை என்றால் பில்லும் தொடரும். பிணத்துக்கு வைத்தியம் பார்த்துக் காசு பிடுங்கும் சினிமாக் காட்சி தமிழர் மனதில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பது சும்மா அல்ல.

‘ஆமாம்’ என்றால் பிணம், ‘இல்லை’ என்றால் நோயாளி. இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, உறுப்புக்காகத்தான் செத்தவர் என்கிறார்கள் என்று மக்கள் பேசினால் அதை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறவியல் பார்வையில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இவர் இறந்துவிட்டாரா என்பது மருத்துவம் பதில் சொல்ல வேண்டியது. உறுப்புகளைத் தருவீர்களா என்பது குடும்பம் பதில் சொல்ல வேண்டியது. இரண்டாவதன் பதில் முதலாவதன் பதிலை மாற்றுமானால், முதலாவதை யார் நம்புவார்கள்?

கேரள அரசு 2020இல், மூளைச்சாவை உறுதி செய்து உயிர்காப்புக் கருவிகளை நிறுத்துவதற்கு, தானம் உண்டா இல்லையா என்பதோடு பிணைக்காமல் வழிமுறை வெளியிட்டது. சரியான திசை அது. தமிழ்நாடு உறுப்பு தானத்தில் நாட்டுக்கே முன்னோடி என்று பேர் வாங்கியது. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்ததிலிருந்து வளர்ந்த பேர் அது. 2024இல் மட்டும் 268 பேரின் உறுப்புகள் தானமாகின. இந்த எண்ணைச் சொல்லும்போதே, சம்மதிக்காத குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்ற கணக்கையும் சேர்த்து வெளியிட்டால் நம்பிக்கை கூடும்.

உயிர்காப்புச் சிகிச்சையை விலக்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018இல் தந்து, 2023இல் எளிமையாக்கிய தீர்ப்பை இங்கே சிலர் காட்டுவார்கள். அது மீள வழியில்லாத, ஆனால் உயிரோடிருக்கும் நோயாளிகளுக்கானது. மூளைச்சாவு அடைந்தவருக்கு அதைப் பயன்படுத்தினால், அவர் இன்னும் சாகவில்லை என்று நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும்.

சப்போரோ அறுவையும் மூழ்கிய இளைஞனும்

நம்பிக்கை உடைந்தால் எவ்வளவு காலம் ஆகும் ஒட்டவைக்க? ஜப்பான் அனுபவம் சொல்கிறது. 1968 ஆகஸ்டில் சப்போரோ நகரத்தில் வாடா ஜூரோ என்ற அறுவை மருத்துவர் அந்த நாட்டின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். இதயம் கொடுத்தவர் கடலில் குளிக்கப் போய் மூழ்கிய 21 வயது மாணவர். பெற்றுக்கொண்ட 18 வயது இளைஞர் 83 நாள் வாழ்ந்தார். முதலில் நாடே கொண்டாடியது. பிறகு கேள்விகள் கிளம்பின. மூழ்கியவர் உண்மையிலேயே மூளைச்சாவு அடைந்திருந்தாரா? அதை உறுதி செய்தது யார்? அறுவை செய்த குழுவேதான் என்று தெரிந்தது. கொலைப் புகார் பதிவானது. சாட்சியம் போதாமல் 1970இல் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் சந்தேகம் கைவிடப்படவில்லை. மூளைச்சாவை ஏற்கும் உறுப்பு மாற்றுச் சட்டம் ஜப்பானில் வர 1997 ஆயிற்று. அடுத்த இதய மாற்று அறுவை நடந்தது 1999 பிப்ரவரியில். ஒரு மருத்துவமனையில் நடந்த அவசரத்துக்கு முப்பது வருட நோயாளிகள் விலை கொடுத்தார்கள்.

சப்போரோ அறுவை நடந்த அதே 1968 ஆகஸ்டில்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்து அறிக்கை வெளியிட்டது. ஏன் இந்த வரையறை தேவை என்பதற்கு அவர்கள் இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, மீள வழியில்லாதவர்களைக் கருவியில் வைத்திருப்பதால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் வரும் சுமை. மற்றது, பழைய வரையறையால் உறுப்பு பெறுவதில் வரும் சர்ச்சை. இரண்டாவதை அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். வரலாறு ஓரளவு துணை நிற்கும் என்று மேலே சொன்னது இதனால்தான். மருத்துவ உண்மை ஒன்று, அதைச் சட்டமாக்கத் தூண்டிய தேவை இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதியதிலிருந்து இன்றுவரை வாதம் ஓயவில்லை.

அறிஞர்களுக்குள் ஓயாத வாதம்

மூளைச்சாவு என்பது சாவேதானா, அல்லது திரும்ப முடியாத இடமா? உடம்பை ஒருங்கிணைப்பது மூளைதான், அது போனால் சில நாளில் மற்றதெல்லாம் குலைந்துவிடும் என்பதே முதலில் சொல்லப்பட்ட நியாயம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஆலன் ஷூமன் 1998இல் இதற்குச் சவால் விட்டார். மூளைச்சாவு என்று சான்றளிக்கப்பட்டும் ஒரு வாரத்துக்கு மேல், சில சமயம் பல மாதம், உடல் இயங்கிய நிகழ்வுகளை அவர் தொகுத்தார். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் மூளை முழுக்க அழிந்த ஒரு சிறுவனின் உடல் வென்டிலேட்டர் உதவியோடு சுமார் இருபது வருடம் வளர்ந்தது.

இன்னொரு நிகழ்வு, சட்டத்தின் வினோதத்தைக் காட்டுவது. 2013இல் கலிஃபோர்னியாவில் தொண்டை அறுவைக்குப் பின் 13 வயதுச் சிறுமி ஒருத்தி மூளைச்சாவு அடைந்ததாகச் சான்று தரப்பட்டது. குடும்பம் ஏற்கவில்லை. சமய நம்பிக்கை காரணமாக மூளைச்சாவை ஏற்க மறுக்கும் உரிமை தரும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கு அவளைக் கொண்டுபோனார்கள். 2018இல் அங்கே மறுபடி ‘இறந்தாள்’. ஒரு மாநிலத்தில் பிணம், எல்லை தாண்டினால் நோயாளி.

இவற்றைப் படித்து, அப்படியானால் மூளைச்சாவே புரட்டு என்ற முடிவுக்குப் போவது தாவல். ஷூமன் தொகுத்தவை உடல் நீடித்ததைக் காட்டுகின்றன, ஆள் திரும்பி வந்ததையல்ல. என் நிலைப்பாடு இது: நினைவும் மூச்சும் நிரந்தரமாகப் போன பிறகு அந்த நபர் நம்மோடு இல்லை. அதைச் சாவு என்று சொல்வது நியாயமான முடிவு. ஆனால் அது இயற்கை கோடு கிழித்துக் கொடுத்ததல்ல, மனிதர் யோசித்து எடுத்த முடிவு. அதை மறைக்காமல் சொல்வதில் தானத்துக்கு எந்தக் கேடும் வராது.

கரையோரத்துச் சமயங்கள்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். கீழக்கரையும் ஏர்வாடியும் பழைய முஸ்லிம் ஊர்கள். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கத்தோலிக்க மீனவர்கள் அதிகம். மூன்று பக்கத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று: உடம்பு முழுசாகப் போக வேண்டாமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் விடை ஓரளவு தீர்ந்தது. இறப்பைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை என்று 1957இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) சொன்னார். 2000இல் இரண்டாம் ஜான் பால் மூளை சார்ந்த அளவுகோலை ஏற்று, உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்றார்.

இஸ்லாத்தில் கருத்து ஒன்றாக இல்லை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி மூளைச்சாவை இறப்பாக ஏற்றது. அடுத்த ஆண்டு மக்காவில் முஸ்லிம் உலக லீகின் ஃபிக்ஹ் சபை, கருவிகளை நிறுத்தலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பிறகே மார்க்கப்படி இறப்பு என்றது. ஆகவே கீழக்கரையில் ஒரு ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒன்று சொல்லி, பக்கத்து ஊர் ஆலிம் வேறு சொன்னால் இருவருமே மரபில் நிற்பவர்கள்தான். குடும்பம் யோசிக்க நேரம் கேட்டால் கொடுக்க வேண்டும். மையித்தை, அதாவது சடலத்தை, சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற கடமையும் இதில் சேர்கிறது.

இந்துக்களிடம் இதைத் தீர்மானிக்கும் ஒரே பீடம் எதுவும் இல்லை. உறுப்பெடுத்த பிறகு உடலைத் தைத்து, முகம் சிதையாமல்தான் தருவார்கள் என்று தெரிந்தாலே பாதித் தயக்கம் போய்விடும். நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டுவது முதல் எந்தச் சடங்கும் தடைபடாது. விபத்து வழக்கில் பிரேதப் பரிசோதனை எப்படியும் நடக்கத்தான் போகிறது.

தூரமும் நேரமும்

சம்மதம் கிடைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். வெளியே எடுத்த இதயத்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். கல்லீரல் சுமார் 12 மணி நேரம் தாங்கும், சிறுநீரகம் ஒரு நாளைத் தாண்டியும் தாங்கும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் சாலை வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர், ராமநாதபுரத்திலிருந்தே 110க்கு மேல். தீவில் அடிபட்டவர் பாம்பன் பாலம் தாண்டி வர வேண்டும். அதனால் இந்தக் கரையில் தலைக்காயம் பட்டவர்களில் பலருக்கு மூளைச்சாவுப் பேச்சு எழுவது மதுரை ஐசியூவில்தான். அங்கே கூட இருப்பவர் பெரும்பாலும் ஒரு அண்ணனோ மச்சானோ. அப்பா கடலில் இருப்பார், அல்லது மகன் சவுதியில் இருப்பார். கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கே இல்லாமலே முடிவு கேட்கப்படுகிறது.

விபத்து என்றால் போலீஸும் உண்டு. எஃப்.ஐ.ஆர். பதிந்த நிலையத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வர வேண்டும், மரண விசாரணை நடக்க வேண்டும், உறுப்பெடுக்கும் இடத்திலேயே பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு ஆக வேண்டும். கடலோரக் காவல் நிலையத்துக்கும் மதுரை மருத்துவமனைக்கும் இடையே இந்தக் கடிதம் போய்வரும் நேரத்தில் மனசு மாறிய குடும்பங்கள் இருந்தால் வியப்பில்லை.

கண் தானத்தில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. சாதாரணமாக இறந்தவரிடமிருந்தும், வீட்டிலேயே, ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்கலாம். மூளைச்சாவு பற்றி இன்னும் மனம் ஒப்பாதவர்களுக்கு இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

காசு, வரிசை

உறுப்புக்கு விலை பேசினால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதம் கொடுத்த பிறகு உடலைப் பராமரிக்கும் செலவு, எடுக்கும் செலவு எதையும் குடும்பத்திடம் வாங்கக் கூடாது. யாருக்கு எந்த உறுப்பு என்பதை மாநில உறுப்பு மாற்று ஆணையம் காத்திருப்போர் பட்டியல்படி ஒதுக்குகிறது. ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை உண்டு.

ஏட்டில் இப்படி. 2018இல் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிய பாலக்காட்டு இளைஞரின் குடும்பத்திடம், கட்ட முடியாத பில்லுக்கு ஈடாக உறுப்பு தானத்துக்குக் கையெழுத்து வாங்கினார்கள் என்று புகார் எழுந்தது. அன்றைய கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. வெளிநாட்டு நோயாளிகளுக்கு இதயம் போகிறது என்ற சர்ச்சையும் அதே ஆண்டுதான். இந்தியர் யாரும் இல்லாதபோதே வெளிநாட்டவருக்கு என்பது விதி. அந்த ‘இல்லாதபோது’ எப்படி நிரூபிக்கப்படுகிறது என்பதுதான் அப்போது கேட்கப்பட்டது.

கொடுப்பவர் எங்கிருந்து வருகிறார், பெறுபவர் எங்கே இருக்கிறார் என்பதும் அறவியல் கேள்விதான். இதயமும் கல்லீரலும் பொருத்திக்கொள்ள, பட்டியலில் இருப்பவர் அழைத்தவுடன் போய்ச்சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸுக்கே பஸ் ஏறிப் போகும் வலைக்காரர் பட்டியலில் பேர் பதிய எத்தனை நடை நடக்க வேண்டும்? கொடுக்கும் கரை, வாங்கும் கரையாகவும் இருக்க வேண்டாமா?

ஐசியூ வாசலில் கேட்க வேண்டியவை

1. மூளைச் சேதத்துக்குக் காரணம் என்ன? ஸ்கேனைக் காட்டி விளக்குவீர்களா?

2. தூக்க மருந்து, விஷம், குளிர்ச்சி போன்றவற்றை விலக்கிவிட்டீர்களா?

3. இரண்டு சோதனைகளும் எத்தனை மணிக்கு நடந்தன? மூச்சுச் சோதனையில் வந்த எண் என்ன?

4. கையெழுத்திட்ட நால்வர் யார் யார்? அவர்களில் யாரும் உறுப்பு மாற்றுக் குழுவில் இல்லையே?

5. இதுவரையுள்ள பில் எவ்வளவு? சம்மதித்தாலும் மறுத்தாலும் அந்தத் தொகை மாறாது என்று எழுதித் தருவீர்களா?

6. குடும்பத்தின் சம்மதப் படிவமான படிவம் 8இல் எந்தெந்த உறுப்பு என்று தனித்தனியாகக் குறிக்கலாமா? குறிக்கலாம். சிறுநீரகம் தந்து கண்ணை மறுக்கும் உரிமை உண்டு. 18 வயதுக்குக் கீழே என்றால் தாயோ தந்தையோ கையெழுத்திட வேண்டும், வேறு யாரும் முடியாது.

7. நாங்கள் வேண்டாம் என்று சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்? இந்தக் கேள்வியைத் தானம் பற்றி யாரும் பேசத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. ‘இறப்பு என்று சான்று தருவோம், நீங்கள் சொல்லும் நேரத்தில் கருவியை நிறுத்துவோம், அதற்குமேல் கட்டணம் இல்லை’ என்று பதில் வந்தால் அடுத்த பேச்சைத் தைரியமாகக் கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால், அந்த மருத்துவமனையில் சாவும் தானமும் இன்னும் ஒரே முடிச்சில்தான் கிடக்கின்றன.